தூளில் முளைத்த மரம்

டாண்டினோங், மெல்பேர்ண்
4 ஆகஸ்ட் 2024

அன்பின் சம்பந்தி அம்மா ராதாவுக்கு நாகேஸ்வரி எழுதுவது.

முதலில் பிள்ளைகளின் நல்ல செய்திகள். மூத்தவன் விக்னராஜாவின் மகள் மிருணாளினி பல் வைத்தியப் படிப்பில் அரையாண்டுச் சோதனையில் எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்துவிட்டாள். இனி எங்கள் வீட்டில் யாருடைய வாய்க்குள்ளும் அந்நியன் கை வைக்கத் தேவையில்லை. அவளுடைய தம்பி அனோஜனுக்கு ரயில் சிக்னல் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவன் பொத்தானை அமர்த்தினால்தான் டாண்டினோங் ரயில் நகருமாம், அவனே சொன்னான். சின்னவள் வினுஷா தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம். முதலிடம் வந்த பிள்ளையின் தாய்க்கு நடுவர் ஒன்றுவிட்ட அண்ணன். அதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, என் இளையவன் தவனும் உங்கள் மகள் யாமினியும் பெற்ற நம் ராகவிக் குஞ்சு. முப்பத்தைந்தாம் நாளே ஆளைப் பார்த்துச் சிரித்தவள். எங்கள் பரம்பரையில் அவ்வளவு சுறுக்காக யாரும் சிரித்ததில்லை. உங்கள் பக்கத்தில் எப்படியோ தெரியாது.

கைபேசியில் பேசலாம்தானே என்று நினைப்பீர்கள். என் காதுக் கருவி கைபேசியைக் கண்டால் கூவுகிறது. வீட்டில் எல்லோரும் ஓடி வருகிறார்கள். ஆனபடியால் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பேற்றுக்கென்று வந்து ஆறு கிழமை உங்கள் வீட்டில் இருந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. யாமினிக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுத்தபோது மணம் பிடிக்காமல் நீங்கள் மூக்கைப் பொத்தியதையும், உங்கள் குசினி டப்பாக்களை நான் இடம் மாற்றி வைத்ததையும் இரண்டு பேரும் மறந்துவிடுவோம். பக்க முற்றத்து மரத்தின் கழுத்தில் இருந்த பொன்நிறப் பஞ்சைக் குழந்தைக்குத் தலையணை தைக்கவென்று நான் பிடுங்க, நீங்கள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுணை, மானம் போனது போல. ஆனால் இரண்டு நாள் விரல் அரித்துக் கடித்தது உண்மை.

அந்த மரத்தைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் தேநீர்க் கோப்பையோடு அதன் முன் போய் நிற்பீர்கள். யாமினியின் தகப்பனார் பாலகிருஷ்ணன் ஐயா காலமாகி மூன்று வருடம் ஆகிறது, மரமும் ஒரு வருடமாகக் குருத்து விடவில்லை என்று ஒரு நாள் சொன்னீர்கள். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டீர்கள். எனக்கு அன்று முழுக்க அதே யோசனை. கவலைப்படாதீர்கள். பார்த்துக்கொண்டிருங்கள், தளிர்க்கும். தளிர்க்கும்போது என்னை நினைப்பீர்கள்.

ராகவியின் படம் ஒன்று கழுவித் தபாலில் அனுப்புங்கள். கைபேசியில் வருகிற படம் விரல் பட்டதும் ஓடிவிடுகிறது.

நாகேஸ்வரி

*

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதம் வந்தது. பேரப்பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ராகவி நன்றாக இருக்கிறாள், எடை கூடியிருக்கிறாள். படம் அடுத்த முறை.

வேறு யார் மூலமாவது உங்கள் காதுக்கு வருவதைவிட நானே எழுதுவது நல்லது. மரம் தளிர்க்கவில்லை. நீங்கள் போன இரண்டாவது வாரம் இலைகளின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியது. இப்போது கீழ் வரிசை முழுக்கக் கருகித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றினாலும் குடிக்கவில்லை.

அது என்ன மரம் என்று உங்களிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. மரப்பெரணி. உங்கள் ஊரில் பன்னம் என்பீர்கள் என்று மாப்பிள்ளை ஒரு முறை சொன்னார். பிஜியில், சுவா நகரத்தில், யாமினியின் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த இருபத்திரண்டு வருடமும் எங்கள் வீட்டைச் சுற்றி அதே சாதி நின்றது. பிஜிக்காரர்கள் அதைப் பலபல என்பார்கள். அடிமரம் கறுப்பாக இரும்பு மாதிரி இருக்கும், மண்ணில் நட்டாலும் லேசில் உளுக்காது. பழைய நாளில் கோயிலுக்கும் தலைவர் வீட்டுக்கும் கூரை முகட்டின் இரண்டு முனையிலும் அதைத்தான் நீட்டி வைத்து, வெள்ளைச் சோழி கட்டி அழகு பார்ப்பார்களாம். முகம் செதுக்கி ரோட்டோரம் விற்பார்கள். புயல் அடித்துக் கிழங்கெல்லாம் அழிந்த வருடம் குருத்தை வெட்டி வேகவைத்துச் சாப்பிட்டதாகப் பக்கத்து வீட்டுக் கிழவி சொல்லியிருக்கிறாள்.

இந்த நாட்டுக்கு வரும்போது ஓர் இலைகூடக் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் செருப்பின் அடியைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள். இங்கே பெரணி வளர்ப்போர் சங்கம் ஒன்று இருப்பது தெரிந்து, அங்கே ஒருவரிடம் அதே சாதியின் தூள் ஒரு சிட்டிகை வாங்கிவந்தார். காகிதத்தில் மடித்த பழுப்புத் தூள், பார்த்தால் மூக்குப்பொடி. பதினான்கு வருடம் முன்பு அதில் முளைத்ததுதான் இது. அவர் கையால் செய்தவற்றில் மீதி இருப்பது இது ஒன்று.

இப்போது எழுதக் கஷ்டமானது. நீங்கள் இங்கே இருந்தபோது மாப்பிள்ளை முற்றத்துக் கல்லில் பாசி போக்க மருந்து அடித்தார். மரத்தின் பக்கம் போகவில்லை என்கிறார். வேறு எதுவும் அங்கே யாரும் ஊற்றவில்லை. நான் அதைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன் போலிருக்கிறது. "மாமி, நான் மரத்துக்கு ஒண்டும் ஊத்தேல்லை" என்றார். பத்து நாளாகச் சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்துப் போகிறார்.

ராதா

*

டாண்டினோங்
3 செப்டெம்பர் 2024

சம்பந்தி அம்மாவுக்கு,

மிருணாளினிக்குக் கல்லூரியில் ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது. என்ன பரிசு என்று பிறகு எழுதுகிறேன், இப்போது மனம் அதில் இல்லை.

என் பிள்ளை மருந்து அடித்தது யாருக்காக என்று உங்களுக்குத் தெரியுமா? குழந்தையின் துணி காயப்போடப் போன நான் பாசியில் வழுக்கி மதிலைப் பிடித்தேன். அதைக் கண்டுவிட்டுத்தான் அடுத்த நாள் அடித்தான். கல்லுக்கு மட்டும்தான் அடித்தான். நான் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தடிக்கு ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடிவிட்டுத்தான் தொடங்கினான். அப்படிப்பட்டவனை உரக்கப் பேசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். யாரும் ஏசினால் திருப்பி ஏசத் தெரியாது, தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போகத்தான் தெரியும். எட்டு வயதிலும் அப்படித்தான்.

ஆகவே குற்றம் யாரிலாவது போடவேண்டுமென்றால் என்னில் போடுங்கள். எனக்காக அடித்தான்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை, அறிவுக்குக் கேட்கிறேன். பூ இல்லை, காய் இல்லை, கொட்டை இல்லை. அது என்ன மரம்? எங்கள் ஊரில் ஒற்றைத் தண்டாய் நேராய்ப் போய் உச்சியில் ஓலை விரிப்பது தென்னையும் பனையும் கமுகும்தான். அடிமரத்தில் ஓலை விழுந்த தழும்பு அதற்கும் இருக்கிறது. தென்னைக்கு வளையம், இதற்குக் கண் கண்ணாய். ஆனபடியால் அந்தக் குடும்பம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

மரங்களுக்கும் வயது உண்டுதானே. தானாகவே பட்டுப்போயிருக்கலாம்.

நாகேஸ்வரி

*

ஸ்ட்ராத்ஃபீல்ட்
12 செப்டெம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கேட்டது நீங்கள் என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன்.

தென்னைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பார்வைக்குத்தான் ஒன்று. தென்னையும் பனையும் உலகத்தில் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே பெரணிகள் இருந்தன என்று அவர் சொல்வார். இலையின் அடிப்பக்கம் வரிசையாகப் பழுப்புப் புள்ளி இருக்கிறதே, நீங்கள்கூடப் பூச்சி என்று துணியால் துடைக்கப் போனீர்கள், அதுதான் அதன் விதைப்பை மாதிரி. அதில் இருந்து தூள் பறக்கும். தூள் ஈரத்தில் விழுந்தால் நேராக மரக்கன்று வராது. முதலில் பச்சையாக ஒரு சின்னத் தகடு வரும். விரல் நகத்தைவிடச் சிறியது, இதயம் போட்ட மாதிரி வடிவம். ஆண் பெண் இரண்டும் அந்தத் தகட்டின் அடியிலேயே. ஒன்று மற்றதிடம் நீந்தித்தான் போக வேண்டும், அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீராவது வேண்டும். சேர்ந்த பிறகுதான் பெரணி முளைக்கும். அவர் ஐஸ்கிரீம் டப்பாவில் தூளைத் தூவி, கண்ணாடி மூடி வைத்து, ஏழு மாதம் குளியலறை ஜன்னலில் காத்தார். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் குளியலறையில் பாசி வளர்க்கிறீர்களே என்றார்கள்.

அடிமரம் என்று நாம் பார்ப்பதும் முழுக்க மரமில்லை. நடுவில் மெல்லிய தண்டு. அதைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் கறுப்பாக, கெட்டியாக இருப்பதெல்லாம் வேர். உச்சியில் ஒரே ஒரு குருத்து மொட்டு. அது போனால் எல்லாம் போயிற்று.

வயதாகிப் பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வயது இதற்கு ஒன்றுமே இல்லை. சங்கத்தில் இருந்து சேகர் என்பவர் வந்து பார்த்தார். அடியில் வேர் கருகியிருக்கிறது, எதனால் என்று தெரிந்தால் ஏதாவது செய்து பார்க்கலாம், தெரியாமல் எதையாவது செய்தால் இருக்கிற உயிரும் போய்விடும் என்றார். மாப்பிள்ளை அடித்த மருந்துப் போத்தலைக் காட்டினேன். இதனால் இப்படி ஆகாதே என்று தலையை ஆட்டினார். ஆனால் வேறு என்ன என்று அவராலும் சொல்ல முடியவில்லை. இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டு வெட்டிவிடலாம் என்றிருக்கிறேன். கருகி நிற்பதைத் தினமும் பார்க்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய செய்தி. மாப்பிள்ளையும் யாமினியும் கெல்லிவில்லில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி போகிறார்கள். யாமினி என்னிடம், "அம்மா, மரம் பட்டா இன்னொண்ணு வெச்சுக்கலாம். மனுஷனை அவமானப்படுத்திட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றாள். குழந்தையின் தொட்டிலைப் பிரித்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் நான் சமையலறைக்குப் போகிறேன்.

இந்த வீட்டில் இனி நானும் இல்லாத மரமும்தான்.

ராதா

*

டாண்டினோங்
16 செப்டெம்பர் 2024
விரைவுத் தபால்

சம்பந்தி அம்மாவுக்கு,

மரத்தை வெட்ட வேண்டாம். இதை வாசித்த கையோடு வெட்டுபவனுக்குச் சொல்லிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

நான்தான் செய்தேன்.

ராகவி பிறந்து முப்பத்தோராம் நாள் நீங்கள் எல்லோரும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனீர்கள். முழங்கால் வலி என்று நான் வீட்டில் நின்றேன். வலி இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதற்காக மட்டும் நிற்கவில்லை. முதல் நாளே கடையில் உப்புப் பக்கெட் இரண்டு வாங்கி என் பைக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. நீங்கள் போன பிறகு பெரிய அகப்பையால் மரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழம் கிண்டி, இரண்டு பக்கெட்டையும் கொட்டினேன். குழந்தைக்குச் சாம்பிராணி போட்ட தட்டில் இருந்த சாம்பலையும் மேலே தூவி மண்ணை மூடினேன். மதில் பக்கம் கூடுதலாய்ப் போட்டேன், அங்கே மண் இளக்கம். அகப்பைக் காம்பு வளைந்தது. நீங்கள் பிறகு அதைப் பார்த்து யோசித்தீர்கள், நான் வாய் திறக்கவில்லை.

அச்சுவேலியில் எங்கள் வளவில் பதினெட்டுத் தென்னை. தென்னம்பிள்ளை நடும்போது குழியில் உப்பும் சாம்பலும் போடாமல் யாரும் நட்டதில்லை. காய்ப்புக் குறைந்தாலும் உப்புத்தான். உப்பு வைத்து அடுத்த மாரிக்குப் பார்த்தால் பாளை தள்ளி நிற்கும். உங்கள் மரம் குருத்து விடவில்லை என்று கேட்டதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் எனக்குத் தனி அறை தந்தீர்கள், என் காதுக்காக மெதுவாகப் பேசினீர்கள். திருப்பிச் செய்ய என்னிடம் என்ன இருக்கிறது? குருத்து வந்ததும் நீங்கள் அதிசயப்பட வேண்டும், பிறகு நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது எனக்கு உப்புத்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் உப்பால் மரம் சாகும் என்று நான் நம்பவில்லை. நேற்று உங்கள் கடிதத்தில் தென்னைக்கும் அதற்கும் உறவில்லை என்ற வரியை வாசித்துவிட்டு மிருணாளினியிடம் போனேன். யாரோ ஒரு மனுசி மரத்துக்கு உப்பு வைத்ததாகச் சொல்லிக் கேட்டேன். பல்லுத்தான் படிக்கிறாள், ஆனால் இதுவும் தெரிந்திருக்கிறது.

"அப்பம்மா, தென்னை கடற்கரையில நிக்கிற மரம், அதுக்கு ஓகே. மற்ற மரத்துக்கு சோல்ட் போட்டா வேர் தண்ணி குடிக்க ஏலாது. பக்கத்தில தண்ணி இருந்தும் தாகத்தில சாகும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களா?"

நான் ஓம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பிஜியில் வாத்தியாரின் மனைவியாக இருந்தவர், வாசிகசாலையில் வேலை பார்த்தவர், இங்கிலீசில் கடிதம் எழுதுபவர் நீங்கள். உங்களுக்கு முன்னால் நான் மாப்பிள்ளையின் தாய் என்ற ஒரு மதிப்போடு இருந்தேன். ஐந்தாம் வகுப்புக்காரி, அவளுக்கு என்ன தெரியும் என்று உங்கள் மனம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். அந்தச் சுணையில் என் பிள்ளையைத் தட்டோடு அறைக்குள் விட்டுவிட்டேன். அவன் வாய் திறக்காதவன் என்று எழுதினேனே, நானும்தான்.

இந்தக் கடிதத்தை நீங்களே தவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். கைபேசியில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்பதும் எனக்குக் கேட்காது.

தொட்டிலைப் பெட்டியில் இருந்து எடுங்கள்.

நாகேஸ்வரி

*

ஸ்ட்ராத்ஃபீல்ட்
22 செப்டெம்பர் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. நின்றுகொண்டே வாசித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு கிலோ! பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தேன். என் வெள்ளி அகப்பை ஏன் வளைந்தது என்று இரண்டு மாதமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரித்தேன். யாமினி பயந்துபோய் ஓடி வந்தாள்.

மாப்பிள்ளை வேலையில் இருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொல்லி முழுக்க வாசித்தேன். "அம்மாவா?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "இது தென்னை இல்லை எண்டு நான் சொல்லியிருக்க வேணும்" என்றார். அப்போதும் உங்கள்மேல் பழி போடவில்லை பாருங்கள்.

நான், "மாப்பிள்ளை, உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுது" என்றேன். இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுத மாட்டேன்.

அவர், "பரவாயில்லை மாமி. மண்வெட்டி எங்க?" என்றார். சட்டைகூட மாற்றவில்லை.

சேகருக்குப் போன் பண்ணினேன். உப்பு என்று தெரிந்ததே பெரிய விஷயம் என்றார். நீங்கள் எழுதிய ஒரு சாண் ஆழமும் மதில் பக்கமும் மிகவும் உதவியது. அந்த மண்ணை எல்லாம் மெதுவாகச் சுரண்டி எடுத்தோம், பதினொரு வாளி. உப்பு இன்னும் கட்டியாகக் கிடந்தது. பிறகு மூன்று நாள் விடாமல் மெல்லிய தண்ணீர், கரைந்து கீழே போகட்டும் என்று. கருகிய இலைகளை வெட்டிவிட்டு, உச்சிக்கு வெயில் படாமல் பழைய வேட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறோம். யாமினி அப்பாவுடைய வேட்டி. மதில் பக்கத்து வேர்தான் போயிருக்கிறது, எதிர்ப்பக்கம் உயிர் இருக்கிறது. பிழைக்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார் சேகர்.

இனி என் பங்கு. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். சேகர் என்னிடம், தினமும் எங்கே தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். அடியில் என்றேன். உச்சியில் ஊற்றுவதில்லையா என்றார். இந்த மரம் உச்சியில் இருந்தும் மேல்வேர் வழியாகவும் குடிக்குமாம். யாமினி அப்பா இருந்தவரை தினமும் ஏணி வைத்து ஏறி உச்சியில் ஊற்றுவார், நான் கீழே நின்று விழுந்துவிடாதீர்கள் என்று கத்துவேன். அவர் போன பிறகு ஏணியைக் கராஜில் வைத்துவிட்டேன். ஆக, உங்கள் உப்புக்கு முன்பே அதைத் தாகத்தில் வைத்திருந்தது நான். குருத்து வராததற்குக் காரணம் அதுதான். அதைப் போக்கத்தான் நீங்கள் உப்பு வைத்தீர்கள்.

படித்தவர் படிக்காதவர் பேச்சை இதோடு விட்டுவிடுவோம்.

இன்னொன்று. வாளி வாளியாக மண் எடுத்தபோது மதிலின் அடிச் செங்கலைப் பார்த்தேன். குழாய் ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். பாசி என்று நினைத்து மாப்பிள்ளை சுரண்டப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். நகத்தளவு பச்சைத் தகடுகள், இதய வடிவத்தில், முப்பது நாற்பது இருக்கும். இரண்டில் மட்டும் கொத்தமல்லி இலை போல ஒரு துளி முளைத்திருக்கிறது. இவ்வளவு நாளும் என் கண்ணில் படவில்லை.

தொட்டில் இன்னும் பெட்டியில்தான். கெல்லிவில் வீட்டுக்காரருக்கு யாமினி இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ராதா

*

டாண்டினோங்
6 ஒக்டோபர் 2024

அன்பின் ராதாவுக்கு,

இருபத்தெட்டாம் தேதி முழுக்க நான் ஜன்னலடியில் இருந்தேன். தவன் கைபேசி எடுத்து விக்னராஜாவிடம் சொன்னானாம், "இப்ப போகேல்லை, தோட்ட வேலை கிடக்கு" என்று. மூத்தவன் அதைக் காகிதத்தில் எழுதி என்னிடம் காட்டினான். அந்தக் காகிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

உங்களை ராதா என்று எழுதிவிட்டேன். எனக்கு நாலு வயது இளையவர் நீங்கள், ஆனபடியால் எழுதலாம். உங்களுக்கு நான் நாகேஸ்வரி அக்கா.

மரம் எப்படி? குருத்து தெரிந்தால் மட்டும் எழுதுங்கள் என்று சொல்ல நினைத்தேன், பிறகு அது கூடாது என்று தோன்றியது. பட்டாலும் எழுதுங்கள். உப்பு வைத்தவள் அதையும் வாசிக்கத்தான் வேண்டும். மிருணாளினி கணினியில் பார்த்துச் சொன்னாள், ஹவாய்த் தீவில் இதன் சொந்தக்கார மரம் ஒன்றின் பொன்நிறப் பஞ்சைத்தான் முன்னொரு காலத்தில் தலையணைக்கும் மெத்தைக்கும் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்களாம். அப்படியென்றால் தலையணை விஷயத்தில் என் மூளை பிழையில்லை. மரம்தான் மாறிவிட்டது.

ஏணியில் நீங்கள் ஏறவேண்டாம். தவன் ஏறட்டும். கீழே நின்று விழுந்துவிடாதே என்று நீங்கள் கத்துங்கள்.

வினுஷாவுக்குக் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை.

நாகேஸ்வரி அக்கா

*

ஸ்ட்ராத்ஃபீல்ட்
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு முதலில் எழுத வேண்டும் என்று யாமினியை வாட்ஸ்அப்பில் போட விடாமல் வைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுதி முடிக்கிறேன், பிடித்து வைக்க முடியவில்லை.

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒக்டோபர் கடைசியில் மீதி இருந்த நாலு இலையில் இரண்டு விழுந்தது. நான் மனதுக்குள் முடித்துவிட்டேன். சேகரைக்கூடக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை மட்டும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஏணி ஏறுவார், நான் கீழே நின்று நீங்கள் சொன்னபடி கத்துவேன். இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது அந்த நேரத்தை வைத்துத்தான் ரயிலுக்குக் கிளம்புகிறார்.

வியாழக்கிழமை ஏறியவர் இறங்கவில்லை. என்ன மாப்பிள்ளை என்றேன். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, "மாமி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றார்.

உச்சியில் பொன்நிறப் பஞ்சுக்குள் குருத்து ஒன்று சுருண்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றின் முதுகு தெரிகிறது. ராகவி அதைப் பார்க்கவில்லை, அப்பாவின் காலைத்தான் பார்த்தாள். நான் பார்த்தேன். ஏணியில் இரண்டு படி ஏறித்தான் பார்த்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு நான் அந்த ஏணியில் கால் வைத்தது அன்றுதான்.

கெல்லிவில் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராகவி நடக்கத் தொடங்கும்வரை இங்கேதானாம், பிறகு பார்க்கலாமாம். நடக்கத் தொடங்கிய பிறகு போனாலும் போகட்டும். அப்போது செங்கலில் முளைத்ததில் ஒன்றைச் சட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவேன். இப்போது ஏழு முளைத்திருக்கின்றன. தொட்டில் மறுபடி பழைய இடத்தில் நிற்கிறது, பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டேன்.

மாப்பிள்ளை மேசையில்தான் சாப்பிடுகிறார். நேற்று ரசத்தில் உப்புக் குறைவு என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு யாராலும் சாப்பிட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

ராதா

*

டாண்டினோங்
17 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி ராதாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், ஒரு தரம் உரக்க. வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், எனக்கு மட்டும் பாதிதான் கேட்டது.

இப்போது பிள்ளைகளின் செய்தி. மிருணாளினி ஆண்டிறுதிச் சோதனையிலும் சித்தி. முந்திய பரிசு எதற்கென்று கேட்டு வைத்திருக்கிறேன், கடைவாய்ப் பல்லை மெழுகில் செய்ததற்காம். அனோஜன் ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு தடவை பேசினான், அதையும் வெற்றியில்தான் சேர்க்கிறேன். வினுஷா காய்ச்சல் மாறிப் பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு முதலிடம், இந்த நடுவருக்கு எங்களில் யாரையும் தெரியாது. ராகவி தவழப் பார்க்கிறாளாம். இந்த வருடம் எங்கள் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் தலை நீட்டியிருக்கிறார்கள், உச்சியில். செங்கலில் ஏழு பேர். அவர்களையும் எண்ணிக்கொண்டுதான் இப்போது ஆட்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் ஒரு அன்ரி, உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டார். பதின்மூன்று என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

தை பிறந்ததும் விக்னராஜா என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறான். என் பையை வாசலிலேயே திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன். புது அகப்பை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், காம்பு வளையாத சாதி.

அதுவரைக்கும் ஒரு படம் வேண்டும். ஆகஸ்டில் இருந்து கேட்கிறேன், அடுத்த முறை என்று எழுதினீர்கள், இதுதான் அந்த அடுத்த முறை. யாமினி எடுக்கட்டும். தவன் ஏணியில் நிற்க, நீங்கள் ராகவியைத் தூக்கிக்கொண்டு கீழே நிற்க வேண்டும். குருத்து தெரிய வேண்டும். மரத்தை உச்சியோடு நிறுத்தாமல் முழுக்க எடுக்கச் சொல்லுங்கள், அடி மண்ணும் விழ வேண்டும், நான் பார்க்க வேண்டும். கழுவி, மடியாமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்புங்கள்.

நாகேஸ்வரி அக்கா